தீர்த்தம்மாளின் மோட்டார்

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மோட்டார் ரிப்பேர் பட்டறை வைத்திருப்பவர் மாதேஷ். பட்டறை என்பது வேறொன்றுமில்லை. வீட்டின் முன்பக்கம் சிமென்ட் ஷீட் போட்டு இறக்கிய ஒரு நீண்ட அறை. தம்முடைய நாற்பத்தேழு வயதில் பாதியை அவர் அந்த அறைக்குள்ளேயே கழித்திருந்தார். வேலை சுத்தம், சொன்ன நாள் மட்டும் சுத்தமில்லை என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கொரோனா வந்த ஆண்டின் ஆடி மாதத்தில் பக்கத்து டீக்கடைக்காரருக்கு நோய் கண்டது. அங்கே தினமும் இரண்டு வேளை நின்று டீ குடித்தவர் என்பதால் மாதேஷின் வீட்டுக் கதவிலும் சுகாதார ஊழியர்கள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வாசலுக்குக் குறுக்கே மூங்கில் கழி கட்டப்பட்டது. பதினான்கு நாள் யாரும் வெளியே வரக் கூடாது, உள்ளே போகக் கூடாது. வீட்டில் இருந்தவர்கள் அவரும் மனைவி அம்பிகாவும் மட்டுமே.

“பதினாலு நாளும் டிவிய பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்கன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சுரும்” என்றார் அம்பிகா. “பட்டறையில கெடக்கறத எல்லாம் முடிச்சு உடுங்க. ஒட்டடை அடிக்கக்கூட உள்ள கால் வெக்க முடியல.”

எண்ணிப் பார்த்தபோது முப்பத்தொரு பொருள்கள் இருந்தன. மிக்சிகள், மின்விசிறிகள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர்கள், ஒரு கிரைண்டர். ஒவ்வொன்றின் கழுத்திலும் கொடுத்தவர் பெயர் எழுதிய அட்டை தொங்கியது. சில அட்டைகளில் மை வெளுத்துப் பெயர் போய்விட்டிருந்தது. மாதேஷ் அவற்றைச் சுவரோரமாக வரிசையாக வைத்து, முதல் நாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினார். வாடிக்கையாளர் தொல்லை இல்லை, போன் தொல்லை இல்லை. மூன்றே நாளில் பதினான்கு பொருள்கள் முடிந்தன. முடித்தவற்றின் உரியவர்களுக்குப் போன் செய்தார். சாலையோரத்தில் ஓட்டல் நடத்தும் ரஞ்சித்குமாரின் மேசை விசிறியும் அவற்றில் ஒன்று.

“ரொம்ப சந்தோசங்கண்ணா” என்றார் ரஞ்சித்குமார். “நாலு வருசமா உங்க வூட்லயே இருந்துச்சு. ரேசன் கார்டுல அதுக்கும் பேரு சேத்திட்டீங்களோன்னு நெனச்சேன்.”

மாதேஷ் சிரித்தார். அன்று வரை அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அறையின் கடைக்கோடியில், கோணிச் சாக்கு போர்த்திய ஒரு மோட்டார் இருந்தது. அதை மட்டும் அவர் வரிசையில் கொண்டுவந்து வைக்கவில்லை. நான்காம் நாள் அதற்கு இந்தப் பக்கம் இருந்தவற்றை முடித்தார். ஐந்தாம் நாள் அதைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்த மிக்சியை எடுத்தார். சாக்கின் மீது கால் படாமல் நடந்தார்.

அந்த மோட்டார் வத்தல்மலையிலிருந்து வந்தது. மலையில் ஒரு மகளிர் குழுவுக்குச் சாமை உரிக்கும் இயந்திரம் கிடைத்திருந்தது. ஓராண்டு நன்றாக ஓடி, ஒரு நாள் நின்றுவிட்டது. குழுவின் தலைவி தீர்த்தம்மாள் மோட்டாரை மட்டும் கழற்றிப் பிக்கப் வண்டியில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தார். அன்றே மாதேஷ் மூடியைத் திறந்து பார்த்தார். எலி கடித்து உள் ஒயர் அறுந்திருந்தது. பத்து நிமிட வேலை. பத்து நிமிட வேலை என்பதாலேயே, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஓரமாக வைத்தார்.

அடுத்த வாரம் முகூர்த்த நாளொன்றில் ரஞ்சித்குமாரின் ஓட்டல் தண்ணீர் மோட்டார் நின்றது. கண்டென்சர் போயிருந்தது, பட்டறையில் புதியது இல்லை. ரஞ்சித்குமார் தலைமேல் நின்று கத்தினார். மாதேஷ் மலை மோட்டாரிலிருந்து கண்டென்சரைக் கழற்றிப் போட்டு அனுப்பினார். திங்கட்கிழமை புதியது வாங்கி மாட்டிவிடலாம் என்பது எண்ணம். காத்திருக்கும் மோட்டாரிலிருந்து எடுத்துக் கத்தும் ஆளின் மோட்டாருக்குப் போடுவது அவர் பட்டறையின் நடைமுறை. இரண்டொரு நாளில் திருப்பிப் போட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மலையிலிருந்து யாரும் வந்து கத்தவில்லை. அதனால் அடுத்து பேரிங்குகள் இரண்டும் போயின. பிறகு விசிறியும் அதன் மூடியும். கடைசியில் அடிக்கால் போல்ட்டுகள்கூடப் போயின. எஞ்சியது, செம்புக் கம்பி சுற்றிய ஓர் இரும்புக் கூடு.

சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் தீர்த்தம்மாள் பட்டறைக்கு வந்து எட்டிப் பார்ப்பார். “சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரணுங்க்கா” என்பார் மாதேஷ். முதல் முறை அதைச் சொல்லும்போது நாக்கு சற்றுத் தடுமாறியது. பிறகு தடுமாறவில்லை. தீர்த்தம்மாளும் அதிகம் பேசுபவரல்லர். “பொம்பளைங்க என்னைய கேக்கறாங்க தம்பி. கொஞ்சம் பாத்து சீக்கிரம் முடிங்க” என்று ஒருமுறை சொன்னார். போகும்போது பையிலிருந்து சாமை அரிசி இரண்டு படி அளந்து வைத்துவிட்டுப் போவார். இப்படி இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஆறாம் நாள் காலை, மூங்கில் கழிக்கு அப்பால் பிக்கப் வண்டி ஒன்று வந்து நின்றது. மலைக்கும் சந்தைக்கும் சரக்கு ஓட்டும் இளம்பரிதி இறங்கி, கழியின் மீது ஒரு துணிப்பையை மாட்டினார்.

“அக்கா, தீர்த்தம்மாக்கா குடுத்து உட்டாங்க. அண்ணனுக்கு ஒடம்பு முடியலன்னு கேள்விப்பட்டாங்களாம். சாமைக் கஞ்சி வெச்சுக் குடுக்கச் சொன்னாங்க. ஒரல்ல குத்துனது, உமி கெடந்தா பொடைச்சுக்கச் சொன்னாங்க.”

“ஒரல்லயா? மெஷின் இருக்குதுன்னு சொன்னாங்களே” என்றார் அம்பிகா.

“மெஷின் அங்க இருக்குதுங்க்கா. அதோட மோட்டாருதான் ரெண்டு வருசமா உங்க வூட்ல படுத்துத் தூங்குது.”

வண்டி போன பிறகும் அம்பிகா பையை எடுக்கவில்லை. நேராகப் பட்டறைக்குள் வந்து, கடைக்கோடிக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். மோட்டாரைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் வேண்டியதெல்லாம் பிடுங்கப்பட்ட ஒரு பொருள் எப்படி இருக்கும் என்பது யாருக்கும் தெரியும்.

“இதுக்கு என்ன சாமான் வரணும் கோயமுத்தூர்ல இருந்து?”

மாதேஷ் கையிலிருந்த திருப்புளியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். எது எந்த நாளில் யாருக்குப் போனது என்பது உட்பட. ஒன்றும் மறந்திருக்கவில்லை என்பதே அவருக்குப் புதிதாகத் தெரிந்தது.

“ரெண்டு வருசமா இந்த வூட்ல சாமைப் பொங்கலு, சாமைக் கஞ்சி” என்றார் அம்பிகா. “அத்தனையும் அவங்க கையால குத்துனது. நீங்க தட்டுல போட்டுக்கிட்டு, மலைச் சாமைக்குத் தனி ருசின்னு சொன்னீங்க.”

சொன்னது உண்மை. அன்று மதியம் மாதேஷால் சாப்பிட முடியவில்லை. உலக்கை போடும் பெண்களின் கைகளை அவர் இதற்கு முன் நினைத்துப் பார்த்ததில்லை. அவர் மனத்தில் மலை என்பது அவசரமில்லாதவர்கள் வாழும் இடமாக இருந்தது. அவர்களுக்கு அவசரமில்லை என்று யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்தால், அவரே சொல்லிக்கொண்டதுதான்.

சாமான்களுக்குப் போன் செய்து பார்த்தார். சேலத்துக் கடை ஊரடங்கால் மூடியிருந்தது. தர்மபுரிக் கடைக்காரர் எடுத்தார். பேரிங் இல்லை என்றும், இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டிய வீட்டுக்குக் கொண்டுவந்து தர ஆள் இல்லை என்றும் சொன்னார். தனிமை முடிந்த பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம். அந்த நிதானத்தைத்தான் மாதேஷால் இப்போது நம்ப முடியவில்லை.

“அதே சைசு பேரிங்கு நம்ம தண்ணி மோட்டார்ல இருக்குது. கண்டென்சரும் அதே அளவு” என்றார் எட்டாம் நாள்.

“தண்ணிக்கு?”

“கீழ் தொட்டியில இருந்து எறைச்சுக்கலாம்.”

“நீங்க எறைங்க. நான் ஒரு கொடம் தூக்க மாட்டேன்” என்றார் அம்பிகா. சம்மதம் அவ்வளவுதான்.

தம் வீட்டு மோட்டாரைப் பிரித்துச் சாமான்களை எடுத்தார். விசிறிக்குப் பழைய கிரைண்டர் ஒன்றின் விசிறியை அளவுக்கு வெட்டிப் பொருத்தினார். அதற்குத் தகரத்தில் ஒரு மூடி அடித்தார். காலையும் மாலையும் தொட்டியிலிருந்து வாளி வாளியாக இறைத்துக் குளியலறை டிரம்மை நிரப்பினார். மூன்றாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கடைசியாக, எலி கடித்த ஒயரை மாற்றினார். கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் ஒரே சீராக ஓடியது. அந்தச் சத்தம் இத்தனை ஆண்டுகளில் முதல் தடவையாக அவருக்குச் சந்தோஷம் தரவில்லை.

பன்னிரண்டாம் நாள் தீர்த்தம்மாளுக்குப் போன் செய்தார்.

“மோட்டாரு ரெடியாயிருச்சுங்க்கா.”

“அப்படியா தம்பி. ஒடம்பு எப்படி இருக்குது?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க.”

“எல்லாம் அடைச்சுக் கெடக்குதே, கோயமுத்தூரு சாமான் எப்படி வந்துச்சு?”

குத்தலாகக் கேட்டதன்று, தெரிந்துகொள்ளக் கேட்டதுதான். ஆமாம் வந்துவிட்டது என்று சொன்னால் அத்துடன் முடிந்துவிடும். மோட்டார் ஓடும், சாமை உரியும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அம்பிகா சமையலறைக் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாதேஷ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கோயமுத்தூர்ல இருந்து ஒண்ணும் வரலீங்க்கா. வர வேண்டியதும் இல்ல. உங்க மோட்டார்ல இருந்து நான்தான் ஒவ்வொண்ணா கழட்டி வேற ஆளுங்களுக்குப் போட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

மலையில் எங்கோ ஓர் ஆடு கத்துவது போனில் கேட்டது.

“என்னைய தலைவியில இருந்து எடுத்துட்டாங்க தம்பி” என்றார் தீர்த்தம்மாள். “போன தை மாசம். மோட்டாரை நான் வித்துத் தின்னுட்டேன்னு பேச்சு. குழுவுல இருக்கற கருப்பி என் மூஞ்சிக்கு நேராவே கேட்டா. ரிப்பேர் கடையில இருக்குதுன்னு சொன்னா, எந்த ரிப்பேருடி ரெண்டு வருசம் ஆவும்னு சிரிச்சாங்க.”

பெண்கள் கேட்கிறார்கள் என்று தீர்த்தம்மாள் முன்பு சொன்னபோது, எப்போது வரும் என்று கேட்பதாகவே மாதேஷ் எண்ணியிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க்கா. இளம்பரிதி வண்டியிலயே ஏத்தி அனுப்பிடறேன்.”

“வண்டியில அனுப்ப வேணாம். நீங்க கொண்டாங்க. எங்கிட்ட சொன்னீங்க இல்ல, அதே மாதிரி அங்க வந்து சொல்லுங்க.” போன் வைக்கப்பட்டது.

பதினைந்தாம் நாள் கழி அவிழ்க்கப்பட்டது. பதினாறாம் நாள் காலை மாதேஷ் மோட்டாருடன் இளம்பரிதியின் வண்டியில் ஏறினார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போதெல்லாம் மோட்டார் நகராமல் காலால் அணைத்துக்கொண்டார். என்ன சொல்வது என்பதை வழிநெடுகக் கோத்துப் பார்த்தார். வேலைப்பளு என்று தொடங்கினால் சாக்குப் போலிருந்தது. சாமான் தட்டுப்பாடு என்று தொடங்கினால் பழைய பொய்யின் வாடை அடித்தது.

இயந்திரம் இருந்த கொட்டகை முன்பு ஏழெட்டுப் பெண்கள் முகக்கவசத்துடனும், முந்தானையால் வாயை மூடியும் நின்றிருந்தார்கள். தீர்த்தம்மாள் தள்ளி ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்கவில்லை. மாதேஷ் கோத்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. போனில் சொன்னதையே சொன்னார். அக்கா மேல் தப்பில்லை, தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னார்.

கருப்பி என்பவர் முன்னே வந்தார். கட்டை குட்டையான பெண். “நல்லா சொன்ன. நாங்க ரெண்டு வருசம் குத்துனோம். அடுத்த ரெண்டு வருசத்துக்கு உன் பொண்டாட்டிய அனுப்பறயா?”

யாரோ சிரித்தார்கள். மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டு ஸ்பேனரை எடுத்து, மோட்டாரை மாட்டக் கொட்டகைக்குள் காலை வைத்தார்.

“இருங்க தம்பி” என்றார் தீர்த்தம்மாள், கல்லிலிருந்து அசையாமலே. “அதுக்கு என்ன அவசரம். காட்டுல இன்னும் ஆளுங்க இருக்காங்க. வரட்டும்.”

மாதேஷ் வெளியே வந்து வெயிலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் தலையில் புல்லுக்கட்டுடன் இரண்டு பெண்கள் வந்தார்கள். தீர்த்தம்மாள் அவரைப் பார்த்தார். மாதேஷ் முதலிலிருந்து சொன்னார். பிறகு களைக்கொத்துடன் ஒருவர் வந்தார், அவருக்கும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது, முன்பே கேட்டவர்கள் அவர் விட்டுவிட்டவற்றை எடுத்துக் கொடுத்தார்கள். “போல்ட்ட உட்டுட்ட பாரு” என்றார் கருப்பி. அவர் போல்ட்டையும் சேர்த்துச் சொன்னார்.

அன்று மாதேஷ் அதை ஐந்து முறை சொன்னார். ஐந்தாம் முறை கேட்டவர் காது மந்தமான ஒரு பெண். அதனால் அதை உரக்கக் கூவிச் சொல்ல வேண்டியிருந்தது.