திமிங்கலத்தில் புது நட்சத்திரம்

சிலி நாட்டு விக்குன்யா ஊரில் முடிதிருத்தும் நிபால்டோ அல்கிந்தா, வானத்தைப் பற்றி இரண்டு முறை தப்பான தகவல் கொடுத்தவர். முதல் முறை அவர் கண்டுபிடித்த வால்மீன், தொலைநோக்கி லென்ஸில் ஒட்டிய விட்டில் பூச்சியின் இறகு. இரண்டாவது, சாந்தியாகோ போகும் விமானம். ஊர் இருக்கும் எல்கிப் பள்ளத்தாக்கில் மனைவியிடம் பொய் சொன்னவனுக்கு மன்னிப்பு உண்டு. வானத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னவனுக்குக் கிடையாது. மலைக்கு மலை தொலைநோக்கிக் கூடம் கட்டி உலகமே வந்து பார்க்கிற வானமல்லவா!

ஆகவே உள்ளூர் வானக் காவலர் கழகம் ஒரு விதி வைத்திருந்தது. மூன்றாம் முறை தப்புச் செய்பவர் இரவுப் பிரிவிலிருந்து பகல் பிரிவுக்கு மாற்றப்படுவார். பகல் பிரிவின் வேலை, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரியனைக் காட்டுவது. சூரியன் மேல் யாருக்கும் கோபமில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்தேன் என்று யாரும் மார்தட்ட முடியாது.

கழகம் உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு அண்டத்தை, அதாவது தொலைதூர நட்சத்திரத் திரளை, கண்காணிக்கப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தது. நிபால்டோவின் பங்கு, திமிங்கல நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் எம் எழுபத்தேழு. அது சும்மா கிடக்கிற அண்டமல்ல. நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்து அக்கம்பக்கத்து வாயுவையும் தூசியையும் இழுத்து விழுங்கும். விழுங்கப்படுவதெல்லாம் போகிற வழியில் வெந்து ஒளி கக்கும். தின்கிற இடத்தில்தான் வெளிச்சம் அதிகம் என்பதற்கு நகராட்சியைத் தவிர வேறு உதாரணம் வேண்டுவோர் அங்கே பார்க்கலாம். நிபால்டோவின் கருவியில் அது ஒரு பஞ்சுத் துணுக்கு. அதற்கு மேலே ஒரு மங்கல் நட்சத்திரம். அண்டத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, நம் பார்வைக்குக் குறுக்கே நிற்கும் வழிப்போக்கன். பத்து வருடமாக அவர் முழங்காலிட்டுப் பார்த்த குடும்பம் இவ்வளவுதான்.

திங்கட்கிழமைதான் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் வலிக்கிறதே என்று மைத்துனி, கண் வைக்கும் முனையில் மாட்டுகிற வளைந்த குழாய் ஒன்றை அனுப்பியிருந்தாள். பார்த்தால், பஞ்சுக்குக் கீழே ஒரு நட்சத்திரம்! அண்டத்துக்குள் ஏதோ நட்சத்திரம் வெடித்திருக்கிறது! மேலே இருந்த பழையது தெரியவில்லை. நிலா வெளிச்சத்தில் கரைந்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, கழகத்துக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் கடைக்கு வந்த மூன்றே பேரிடம்தான் சொன்னார். மத்தியானத்துக்குள் ரொட்டிக்கடையில் 'நிபால்டோ நட்சத்திரம்' என்ற பெயரில் பூரணம் வைத்த எம்பனாடா ரொட்டி விற்றது.

புதன்கிழமை காலை, ஓய்வுபெற்ற தபால்காரர் அனாக்லேத்தோ நாற்காலியில் இருந்தார். கையில் தன் பழைய புகைப்படம்.

"மயெஸ்ட்ரோ, போட்டோவுல இருக்கற மாதிரி வகிடு எடும்னா, பக்கத்த மாத்தி எடுத்திருக்கீரே!"

"அதே பக்கந்தாம்யா. கண்ணாடி மாத்திக் காட்டுது. முப்பது வருசமா இதையே எத்தனை தடவை உமக்குச் சொல்றது, கண்ணாடின்னா..."

கத்தரி நின்றது. அந்த வளைந்த குழாய்க்குள் என்ன இருக்கிறது? கண்ணாடி. மேலே இருந்த வழிப்போக்கன்தான் கீழே வந்திருக்கிறான்.

விதிப்படி இன்னொருவர் தன் கருவியில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த இன்னொருவர், அவருடைய மகளுக்கு ஞானத்தாய் என்பதால் அவர் 'கொமாத்ரே' என்று உறவு சொல்லும் மருந்துக்கடை இஸ்மேனியா. அவள் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. மூன்றாவது தப்பு. மேகம் வராதா என்று மேற்கே பார்த்தார். இந்தப் பள்ளத்தாக்கில் மேகத்துக்கு வேண்டுவதைவிடப் பெரிய பாவம் கிடையாது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. போனை எடுத்தார்.

"கொமாத்ரே, அந்த நட்சத்திரத்த இப்ப பார்க்க வேணாம்."

"முந்தாநாளே பார்த்தாச்சு கொம்பாத்ரே! என்ன ஜொலிப்புங்கறீங்க! கழகத்துக்கும் சொல்லிட்டேன்."

"எந்தப் பக்கம் பார்த்தீங்க?"

"நீங்க சொன்ன பக்கந்தான். வேற எந்தப் பக்கம் பார்ப்பாங்க?"

"அந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாதும்மா."

"கடையில ஆளு நிக்குது, வைக்கிறேன்" என்றாள் இஸ்மேனியா.

நிபால்டோ அனாக்லேத்தோவை வெளியே அனுப்பி, கடையைப் பூட்டிவிட்டுக் கழகச் செயலாளர் எவாரிஸ்டோவின் வீட்டுக்கு ஓடினார்.

"டோன் எவாரிஸ்டோ, என் நட்சத்திரம் இல்லைங்க."

"உங்க நட்சத்திரமா? இப்ப அது நம்ம நட்சத்திரம். ஏழு பேர் பார்த்தாச்சு. நானும் பார்த்தேன்."

"அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லையே!"

"கொக்கிம்போவுலேர்ந்து பார்த்தேன்."

"அங்க கடல்பனி மூடியில்ல கிடக்கு?"

"நடுவுல கொஞ்சம் விலகிச்சு." எவாரிஸ்டோ தேநீரைக் கலக்கினார். "இருக்குன்னு சொன்னீங்க, ஏழு பேர் உறுதி பண்ணிட்டாங்க. அது சரியான தகவல். இப்ப இல்லைங்கறீங்க. இதை உறுதி பண்ண யார் இருக்கா?"

"யாருமில்ல."

"அப்ப இதுதான் உங்க மூணாவது தப்பு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க இப்ப சொன்னது எதுவும் என் காதுல விழல. வீட்டுக்குப் போங்க. தினம் ராத்திரி அது எவ்வளவு மங்குதுன்னு மட்டும் சொல்லிட்டிருங்க."

நிபால்டோ வாசல்வரை போனார். வெடித்த நட்சத்திரம் நாளுக்கு நாள் மங்கித்தான் ஆகவேண்டும். இல்லாத ஒன்று இன்றைக்கு எவ்வளவு இல்லை, நாளைக்கு எவ்வளவு இல்லை என்று மாதக்கணக்கில் சொல்ல வேண்டும். ஏழு பேரும் தலையாட்டுவார்கள். திரும்பி வந்தார்.

"என்னைப் பகல் பிரிவுலயே போட்டுருங்க."

சனிக்கிழமை பள்ளி முற்றத்தில், வெள்ளை அட்டையில் சூரியனின் பிம்பம் விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு கரும்புள்ளி. "தெரியுதா?" என்றார் நிபால்டோ. "தெரியுது!" என்று வகுப்பே கத்தியது. அவருக்குப் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்ன அந்த ஏழு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

"எனக்குத் தெரியல" என்றாள் கடைசியில் நின்ற ஒருத்தி.

நல்லவேளை என்று நிபால்டோ மற்றப் பிள்ளைகளை விலக்கி வழிவிட்டார். "நீ முன்னால வா தாயி."