லைன் வீட்டுக் கூரையில் ஆன்டெனா

குன்னூருக்குக் கீழே, சமவெளியைப் பார்த்துச் சரியும் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஏற்கெனவே ரிடையர் ஆகிவிட்டார். வரும் தையோடு அம்மாவுக்கும் வேலை முடிகிறது. குடும்பத்தில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலைக்கு இருக்கிறவரைதான், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் இடம். ஒரே பையனான நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு டவுனில் கேமராவும் டிஷ்ஷும் மாட்டும் கடையில் இருந்தேன். படிக்காமல் தோட்டத்தில் மருந்தடிக்கப் போயிருந்தால் வீடு நின்றிருக்கும். சோறு போடும்போதெல்லாம் அப்பா இதைச் சொல்வார்.

அப்போதுதான் எஸ்டேட் முதலாளி கடைக்குப் போன் செய்தார். கோயம்புத்தூர்க்காரர். கீழே ஒரு தனியார் ஓடுதளத்தில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் வைத்திருந்தார். நண்பர்கள் பறப்பதையும், சுற்றிப் போகிற மற்ற விமானங்களையும் அவர் பங்களாவில் உட்கார்ந்தே திரையில் பார்க்க வேண்டும். மலைக்கு வரும் மேகத்தையும் செயற்கைக்கோளிலிருந்து படமாகப் பிடிக்க வேண்டும். இதற்கான ரிசீவர் பெட்டிகள் இரண்டையும் வாங்கிவிட்டார். ஆன்டெனா பார்த்து மாட்ட ஆள் தேவை.

"நல்லாச் செஞ்சு குடு. மனசு குளுந்து இருக்கறப்ப நம்ம லைன் ஊட்டப் பத்திக் கேளு" என்றாள் அம்மா.

பெட்டியோடு வந்த விரல் நீளக் குச்சி ஆன்டெனாவை அவர் பங்களா ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தார். திரையில் ஒன்றிரண்டு விமானங்கள் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போயின. கிழக்கே ஒரு மேடு, அதன்மேல் சில்வர் ஓக் மர வரிசை. விமானத்தின் சிக்னல் நேர்கோட்டில் வரும், மேட்டைச் சுற்றி வளைந்து வராது. ஓட்டுக் கூரைமேல் ஏறிப் பார்த்தேன். கீழே விருந்தாளிகளிடம் அவர் சொன்னது நன்றாகக் கேட்டது.

"நம்ம கொழுந்து பறிக்கற அம்மாவோட பையன். இவங்கப்பன் சில்வர் ஓக்குல ஏறி மொளகு பறிச்சான். இவன் ஓட்டுல ஏறி ஏரோப்ளேன் பறிக்கறான்."

சிரித்தார்கள். நானும் மேலேயிருந்து சிரித்தேன்.

எஸ்டேட் முழுக்க நடந்து பார்த்ததில் மறைப்பே இல்லாத இடம் ஒன்றுதான் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம், சரிவின் விளிம்பில், லைனின் கடைசி வீடு. எங்கள் வீடு. விமானங்களுக்கு ஃபைபர் குழாய்க்குள் வரும் உயரமான ஆன்டெனா, மேகப் படத்துக்கு வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் வி வடிவக் கம்பி என்று முடிவு செய்தேன். ரிசீவர்கள் அதே கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். கேபிள் நீண்டால் வருகிற சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். அங்கிருந்து சிம் போட்டு இன்டர்நெட்டில் பங்களாவுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

"இதவிட நல்ல எடம் எஸ்டேட்லயே இல்லீங்க சார்" என்றேன். அது உண்மை. இரண்டு பெட்டிகளும் எங்கள் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தால், பார்த்துக்கொள்ளவாவது எங்களை இருக்கச் சொல்வார் என்றும் நினைத்தேன்.

சுவரில் கிளாம்ப் அடித்து இரும்புக் குழாய் நிறுத்தினேன். எர்த் கம்பி இறக்கினேன். மூட்டுகளில் மழை இறங்காமல் டேப் சுற்றினேன். புகையும் ஈரமும் பெட்டிக்கு ஆகாது என்று அம்மாவின் விறகடுப்பை வெளியே தார்ப்பாய்க்கு அடியில் மாற்றினேன்.

"சோறாக்குனா ஆகாது, ஏரோப்ளேன் வந்தா ஆகும்" என்றார் அப்பா.

பங்களாவில் திரை நிறைந்துவிட்டது. கொச்சிக்குப் போவது, பெங்களூரில் இறங்குவது, எல்லாம் ஊர்ந்தன. முதலாளி என் தோளைத் தட்டினார். அம்மா சொன்ன நேரம் இதுதான் என்று வீட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அட, நானே சொல்லணும்னு இருந்தேன். அந்த ரூம்ல இனி ஆள் பொழங்க வேண்டாம்ப்பா. பொகை ஆகாதுன்னு நீதான சொன்ன? பூட்டி வெச்சரலாம்."

"அம்மாவுக்குத் தை வரைக்கும் வேலை இருக்குதுங்க சார்."

"இருக்கட்டுமே. மாட்டுக் கொட்டாய்ப் பக்கம் ஒரு ரூம் சும்மாதான் கெடக்குது, அது வரைக்கும் அங்க இருக்கட்டும். அப்பறம் நீ கூட்டிட்டுப் போயிரு. இதுக்குத்தான உன்னையப் படிக்க வெச்சாங்க?"

"ஆன்டெனாவ வேற பக்கம் மாத்திக் குடுத்தர்றனுங்க சார்."

"இதவிட நல்ல எடம் இருக்குதா?"

திரையைக் காட்டினார்.

வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள். "வேல நல்லாத்தான செஞ்ச?"

"நல்லாத்தாம்மா செஞ்சேன்."

"அப்பறம் ஏன்?"

காலி செய்த அன்று முதலாளி விருந்தாளிகளோடு வந்தார். அம்மா பாத்திர மூட்டையோடு வாசலில் ஒதுங்கி நின்று அவர்களுக்கு வழிவிட்டாள். "எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுப்பா" என்றார் அவர். எந்த ஆன்டெனா எதற்கு, கேபிள் ஏன் குட்டையாக இருக்க வேண்டும், இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு பெண்மணி, கரி பிடித்த சுவரைப் பார்த்து, "இங்க யார் இருந்தாங்க?" என்று கேட்டார்.

"பழைய ஸ்டோர் ரூம்" என்றார் முதலாளி.

அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றவர், அத்தனை பேர் முன்னால், "என்ஜினியர் சார், பாடம் முடிஞ்சுதுன்னா கட்டிலுக்கு ஒரு கை புடிங்க. ஜீப்புக்காரர் நிக்கறாருங்க" என்றார்.

விருந்தாளிகள் சிரித்தார்கள். அந்த வாசலில் கட்டிலைச் சாய்த்துத்தான் எடுக்க முடியும். நான் தலைமாட்டுப் பக்கம் பிடித்தேன்.