முதலில் யாரை ஏற்றுவது

இண்டூர் பக்கம் ஒரு தையல் ஆலையில் வேன் பட்டியல் போடுவது என் வேலை. ஏரியூரிலிருந்து பென்னாகரம் வழியாகக் காலையில் இரண்டு வேன்கள் வரும். முதலாவது விடிந்ததும் கிளம்பிவிடும். சமையலை முடித்துவிட்டு வர இரண்டாவதுதான் தோது.

விதிகள் உண்டு. இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது. முதல் ஷிப்டில் ஒவ்வொரு தையல் மிஷின் வரிசைக்கும் போதிய ஆள் வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணி, நாத்தனார் இருவரை ஒரே வேனில் போடக் கூடாது. இந்தக் கடைசி விதியை யாரும் எழுதித் தரவில்லை. ஆனாலும் மீற முடியாது. எல்லாவற்றையும் ஒரு சிறிய கணினி நிரலாக எழுதியிருந்தேன். அது பட்டியல் போட்டுத் தரும்.

போன ஆடியில் ஏரியூருக்கு அப்பால் நாலைந்து வீடுகளே உள்ள ஒரு கொட்டாயிலிருந்து புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். சின்ன மகனை அங்கன்வாடியில் விட்ட பிறகே கிளம்ப முடியும். இரண்டாவது வேன் மட்டுமே அவளுக்கு ஆகும். அவளைச் சேர்த்ததும் நிரல் விடை சொல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"திங்கக்கெழமைக்குள்ள சொல்லிடுங்க சார். எடம் இல்லன்னா நான் வேலைய வுட்டு நின்னுக்கறங்க," என்றாள்.

நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லா விதிகளையும் எல்லோர் மீதும் வைத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவரைத் தொடும் விதிகளை மட்டும், புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவுபோல, தனியே அடுக்கினேன். வேகம் கூடியது. விடை மட்டும் வரவில்லை.

அப்புறம்தான் நிரல் பெயர்களை எடுக்கும் வரிசையைப் பார்த்தேன். யார் சீனியரோ அவர் முதலில் என்று எல்லோரும் கேட்டு வாங்கிய வரிசை அது. முதல் பெயர் பென்னாகரத்து அக்கா. இரண்டு வேனும் அவருக்கு ஆகும். நிரல் அவரை இரண்டாவதில் உட்கார்த்தியிருந்தது. கடைசிப் பெயரான புதியவளிடம் முட்டியதும் பின்வாங்கி, அதற்கு முந்தைய பெயர்களையே மாற்றி மாற்றிப் பார்த்தது. அவர்களில் யாரை அசைத்தாலும் ஏதோ ஒரு விதி உடைந்தது. சிக்கல் இருந்ததோ முதல் பெயரில்.

யாருக்கு வழி குறைவோ அவரை முதலில் எடுக்கும்படி மாற்றினேன். விடை உடனே வந்தது. பட்டியலில் முதல் வேனுக்கு நகர்ந்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

சாப்பாட்டு வேளையில் அவரிடம் சொன்னேன்.

"நேத்து வந்தவளுக்கு மொத எடம், இத்தன வருசமா வர்ற எனக்குக் கடைசியா? நல்லா இருக்குங்க உங்க கம்ப்யூட்டரு!"

"உங்களுக்கு ரெண்டு வண்டியும் ஆவுதுங்க. அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுதான். வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு சொல்லுதுங்க."

அக்கா ரசம் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தார். "சன்னல் சீட்டு எனக்குத்தான். அதையும் உள்ள எழுதிடுங்க."

எழுதினேன். வேனுக்குள் இருக்கை பிடிப்பதில் சீனியருக்கே முதலிடம் என்று ஒரு விதி சேர்ந்தது.

திங்கட்கிழமை இரண்டாவது வேன் வந்தது. புதியவள் சாப்பாட்டுப் பையோடு இறங்கி, வேகமாக வந்து தன் மிஷினில் உட்கார்ந்தாள். முதல் வேனில் வந்து தைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"வூட்டு நெனப்புல பையன் அழுதானா?"

"இல்லீங்க அக்கா. கதவு தொறந்ததும் உள்ள ஓடிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல."

"அப்படின்னா நீ அழுதிருப்ப. மூஞ்சியத் தொடச்சிட்டு நூலக் கோரு."