படிவத்தின் பதினேழாவது வினா

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் ஜவுபர் நடத்திவந்த இடத்தைக் காரியாலயம் என்று அழைக்கக் கச்சிமுகம்மதுவுக்கு நாக்குக் கூசியது. நீர்ப்பாசன இலாகாவில் கிளாக்கராகச் சேர்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி, பிரதம இலிகிதராக இளைப்பாறியவர் அவர். காரியாலயம் என்றால் கோவைகளுக்கு இலக்கம் இருக்கும். இலக்கங்களுக்கு ஒரு பதிவேடு இருக்கும். அந்தப் பதிவேட்டைத் தொடுமுன் கையைத் துடைத்துக்கொள்ளும் மனிதர்கள் இருப்பார்கள். ஜவுபரிடம் இருந்தவையோ ஒரு தட்டெழுத்து இயந்திரம், அதன்மேல் காய்ந்துகிடந்த வடைத் துண்டு, விமானக் கம்பனி ஒன்றின் போன வருடத்து நாட்காட்டி, இவ்வளவே. வாசற்பலகையில் 'வெளிநாட்டு ஆவண ஆலோசகர்' என்று எழுதியிருந்தது. குவைத்தில் இரண்டு வருடம் கோப்பை கழுவிவிட்டு வந்தவன் ஆலோசகனாகிவிட்டான். அவனிடம் ஆலோசனை கேட்கவும் மரப்படிகளில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். 1981ஆம் ஆண்டு மாசி மாதம் அந்த வரிசையில் கச்சிமுகம்மதுவும் நின்றார்.

அவர் அந்தப் படி ஏறத் தேவையே இருக்கவில்லை. இங்கிலாந்தில் கணக்காளராக இருந்த மகன் ஜெமீல், தகப்பனைக் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பி, அதற்கான விண்ணப்பப் படிவங்களை இரண்டு பிரதிகளாக அனுப்பியிருந்தான். ஆங்கிலம் அவருக்கு அந்நியமில்லை. வெள்ளைக்காரப் பொறியியலாளர்களின் வசனங்களையே சிவப்பு மையால் திருத்திய கை அது. முதற் பதினாறு வினாக்களுக்கும் அரை மணி நேரத்தில் விடை எழுதினார். பிறந்த திகதி, மனைவி மௌத்தான திகதி, கடவுச்சீட்டு இலக்கம், உள்ள நோய் வருத்தங்கள். பதினேழாவது வினா மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. நீர் யாருடன் வசிக்கிறீர், உமது நாட்டில் உம்மைப் பராமரிக்கும் நெருங்கிய உறவினர் எவரேனும் உளரா, ஆமெனில் அவர்கள் உம்மை எவ்விதம் பராமரிக்கின்றனர் என்று அது கேட்டது.

அங்கே பேனா நின்றது. மூன்று வாரம் நின்றது.

அந்தக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. தகப்பன் கட்டுவான், மகளின் கலியாணத்தோடு அவள் பெயருக்கு எழுதிக்கொடுப்பான், மருமகன் அங்கே குடிவருவான், பெற்றவர்கள் அதே வளவில் ஒதுங்கி, மகள் கையால் உண்டு காலத்தை முடிப்பார்கள். எவரும் எழுதிவைக்காத இந்த ஒப்பந்தத்தின் முதற்பாதியைக் கச்சிமுகம்மது கிரமமாக நிறைவேற்றினார். ஓட்டு வீட்டையும் அது நின்ற வளவையும் மகள் றபீக்காவுக்கு எழுதினார். மனைவி ஆசியா உம்மா உயிரோடு இருந்தவரை மற்றப் பாதியும் ஒருவாறு நடந்தது. 1977இல் அவள் மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுவாரமே, மருமகன் முத்தலிப் நெல் மூட்டைக்கு இடம் போதவில்லை என்று சொல்லி மாமனாரின் கட்டிலைப் வீட்டின் பின்சுவரோடு இறக்கியிருந்த சாய்ப்புக்கு மாற்றினான். அடுத்து, வாப்பாவுக்குச் சீனி வருத்தம், எங்கள் உறைப்புக் கறி ஒத்துவராது என்று றபீக்கா கண்டுபிடித்தாள். சோறு நின்றது. அவர் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கினார். மறு வருடச் சூறாவளி வீட்டின் ஓடுகளையும் சாய்ப்பின் கூரையையும் ஒன்றாகத் தூக்கியது. வீட்டுக்கு ஒரு மாதத்தில் ஓடு வந்தது. சாய்ப்புக்கு வந்தது தென்னோலைக் கிடுகு. அந்தக் கிடுகும் இப்போது உக்கிக் கொட்டியது. ஓய்வூதியம் மருந்துக்குப் போனது. அடுப்பு எரிந்தது ஜெமீல் அனுப்பிய பணத்தில்.

இவ்வளவையும் பள்ளிவாசலில் எவரிடமும் அவர் சொன்னதில்லை. விசாரித்தவர்களுக்கெல்லாம், "மகள் நல்லாப் பாக்கிறா" என்றே நான்கு வருடம் சொல்லிவந்தார். மகளின் வீட்டில் தானே பொங்கித் தின்கிறேன் என்று ஒரு தகப்பன் சொன்னால், அது மகளுக்கு மட்டுமல்ல, அவளை வளர்த்தவனுக்கும் மானக்கேடு. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுத அவருடைய கை பழகவில்லை. உண்மையை எழுத மனம் துணியவில்லை. ஆகவே, எழுதாத மற்றப் பிரதியை எடுத்துக்கொண்டு வேறொரு கை தேடினார். அந்த ஒரு வினாவுக்காக மட்டும் அவர் ஓர் ஆலோசகனை அமர்த்திக்கொண்டார்.

"சேர், நீங்களா?" என்று ஜவுபர் கதிரையை விட்டு எழும்பினான். "ஆரிட்டயும் சொல்லியனுப்பியிருந்தா நானே ஊட்டுக்கு வந்திருப்பனே."

"இரிங்க. இந்தப் படிவத்த நிரப்பித் தரணும்."

"ஒங்களுக்கு நான் நிரப்புறதா? நீங்க எனக்கல்லவா படிச்சித் தரணும்."

"கண் தெளிவில்ல," என்றார் கச்சிமுகம்மது. எதிர்ச் சுவரிலிருந்த நாட்காட்டியின் மிகச் சிறிய எழுத்துகளை அவர் அப்போதுதான் வாசித்து முடித்திருந்தார்.

ஜவுபர் இரண்டு விரல்களால் தட்டினான். ஒவ்வோர் எழுத்தையும் கோழி அரிசி பொறுக்குவதுபோலத் தேடிப் பொறுக்கினான். பதினேழாவது வினா வந்ததும் நிமிர்ந்தான்.

"ஒங்கள ஆரு பாக்கிற, எப்பிடிப் பாக்கிற எண்டு கேட்டிருக்கான், சேர்."

கச்சிமுகம்மது யன்னலுக்கு வெளியே, வீதியில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார். "அத நீங்களே பாத்து எழுதுங்க. சுறுக்கா முடிங்க, அஸர் தொழுகைக்கு நேரமாகுது."

"அத உடுங்க சேர், நான் வடிவா எழுதிவிடுறன்."

அவன் நெடுநேரம் தட்டினான். பிறகு பக்கங்களை நீட்டினான். முதலாம் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் கச்சிமுகம்மது எழுத்தெழுத்தாக வாசித்து, நான்கு பிழைகளைக் காட்டித் திருத்துவித்தார். நான்காம் பக்கத்தில் ஒரு திகதியை மாற்றுவித்தார். மூன்றாம் பக்கத்தின் அடிப்பகுதியை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கையொப்பமிட்டார். முப்பத்துமூன்று ஆண்டுகளில் வாசிக்கப்படாத ஒரு தாளும் அவருடைய மேசையைவிட்டுப் போனதில்லை.

ஆனி மாதம் கொழும்பிலுள்ள இங்கிலாந்துத் தூதரகத்திலிருந்து பதில் வந்தது. ஒரே பந்தி. விண்ணப்பகாரர் தமது மகளாலும் மருமகனாலும் சகல வசதிகளுடனும் பராமரிக்கப்படுவதாகத் தாமே கூறியிருப்பதால், அவர் இங்கிலாந்திலுள்ள மகனை நாடவேண்டிய அவசியம் காணப்படவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. கூடவே அவருடைய மூன்றாம் பக்கத்தின் பிரதியும் இருந்தது. அங்கே ஜவுபர் எழுதியிருந்ததை இப்போதுதான் அவர் வாசித்தார். விண்ணப்பகாரர் மகளின் ஓட்டு வீட்டில் ராசாவைப்போல வீற்றிருக்கிறார். மூன்று வேளையும் மகள் தன் கையாலேயே பரிமாறுகிறாள். மருமகன் அவரைத் தன் சொந்தத் தகப்பனுக்கு மேலாக மதித்து, அவர் சொல்லைத் தட்டுவதேயில்லை. வசனத்துக்கு வசனம் எழுவாயும் பயனிலையும் சண்டையிட்டன. பொருளில் மட்டும் ஒரு குழப்பமும் இல்லை.

அன்றைக்கே மரப்படிகளில் ஏறினார். வரிசையில் நிற்கவில்லை.

"நான் கேட்டனா ஒங்களிட்ட இத எழுதச் சொல்லி?"

ஜவுபர் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "இதென்ன புதினம். நல்லா இரிக்கிற ஆக்களத்தானே அவனுகள் எடுப்பானுகள் எண்டு நினைச்சன். பிச்சக்காரனையா கேக்கிறானுகள்?"

"படிவம் என்ன கேக்குது எண்டே விளங்காம, ஆலோசகர் எண்டு பலகை போட்டிருக்கீங்க."

"விளங்காமலா சேர்? வேற எப்பிடி நான் எழுதிற, சொல்லுங்க. வாப்பாவுக்கு மகள் சோறு குடுக்கிறல்ல எண்டு எழுதிப்போட்டு, நாளைக்கு றபீக்கா ராத்தாட முகத்தில நான் முழிக்கிற எப்பிடி? ஒங்கட முகத்திலயும்தான். அதுக்கு முதல் நீங்களே என்னை மிதிச்சிருப்பீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தான். "ஒங்கட சாய்ப்பில அடுப்பு எரியிறது எனக்குத் தெரியும். நீங்க வாயத் தொறக்கல்ல. நான் ஒங்கட மானத்தக் காப்பாத்தி எழுதினன்."

கச்சிமுகம்மதுவுக்கு எழுந்த அருவருப்பு எந்தப் பக்கம் போவதென்று அறியாமல் ஒரு கணம் நின்றது. கோப்பை கழுவியவன் எழுதிய பொய், நான்கு வருடம் பள்ளிவாசல் படியில் அவரே சொல்லிவந்ததுதான். அவன் அதைப் பிழையான ஆங்கிலத்தில் தட்டியிருந்தான், அவ்வளவே. அதற்காக அவனை மன்னிக்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மரப்படிகளில் இறங்கினார்.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பதினாறு விடைகளோடு நின்றுபோயிருந்த, தம் கையால் எழுதிய பிரதியை எடுத்தார். சாய்ப்பு, கிடுகு, அடுப்பு, ஆண்டு, மாதம் என்று பதினேழாவது வினாவுக்கு ஒன்பது வரியில் விடை எழுதினார். ஆனால், இவ்வாறு முரண்படும் இரண்டு விண்ணப்பங்கள் தம் மேசைக்கு வந்திருந்தால் தாமே இரண்டாவதை நம்பியிருக்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மற்றத் தரப்பு ஒப்புக்கொண்டால் மட்டுமே அது செல்லும். ஆகவே, தந்தையைத் தான் பராமரிக்கவில்லை, இனிமேல் பராமரிக்கும் நோக்கமும் இல்லை என்று றபீக்கா உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசி ஒன்றையும் வரைந்தார். அவள் ஒப்பம் வைக்காவிட்டால் மகனிடம் போகும் வழி அடைபட்டுவிடும். அந்தக் கிடுகுக்குக் கீழேதான் அவருடைய மிச்சக் காலம்.

ஒப்பத்தை அத்தாட்சிப்படுத்தப் பாண்டிருப்பிலிருந்து சமாதான நீதவான் கனகரெத்தினம் சைக்கிளில் வந்தார். கச்சிமுகம்மதுவோடு ஒரே கந்தோரில் வேலைசெய்து இளைப்பாறியவர். விறாந்தையில் உட்கார்ந்து, முத்திரையை வேட்டி மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். முத்தலிப் தாளைக் கையிலெடுத்து வாசித்தான். வாசிக்க வாசிக்கக் காது சிவந்தது.

"இதென்ன மாமா இது? நாங்க சோறு போடல்லயாம், கூரை போடல்லயாம். நான் மூணு தலைமுறையாப் பள்ளிவாசல் மரைக்கார் குடும்பம். இத வாசிச்சா ஊரு எங்கள என்ன சொல்லும்?"

"ஊர் வாசிக்காது, தம்பி," என்றார் கனகரெத்தினம். "பதிவுத் தபாலில கொழும்புக்குப் போகும். அங்க ஒருத்தர் வாசிச்சுப்போட்டுக் கோவையில போடுவார்."

"கல்முனைக்குத் திரும்பி வராதா?"

"கடதாசி வராது. உங்கட மாமாவும் வரமாட்டார்."

முத்தலிப்பின் மூச்சு இறங்கியது. தாளைக் கீழே வைத்தான். "ஒரேயடியாப் போறீங்களா, மாமா?"

"ஓம்," என்றார் கச்சிமுகம்மது.

"அப்ப அந்தச் சாய்ப்பு?"

"காலியாகும்."

"ம்." முத்தலிப் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தான். "நெல்லுக்கும் இடம் காணாமத்தான் இரிக்கி. தகரம் போட்டாச் சரி." பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டான். "புள்ள, வந்து இதில ஒரு ஒப்பம் வைங்க. வாப்பா ஆசைப்பட்டா நாம மறிக்கிறதா?"

நான்கு வருடம் அவர் காத்துவந்த மானத்துக்கு அந்த வீட்டில் ஒரு சாய்ப்பின் விலைதான் இருந்தது. சாய்ப்பு காலியாகித் தகரம் போட அந்த மூன்று தலைமுறை மரைக்கார் எவ்வளவு காலம் காத்திருந்தானோ என்று அவர் எண்ணிக்கொண்டார்.

றபீக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். அவளை எஸ்.எஸ்.சி. வரை படிப்பித்தவர் அவர். வாசிக்காமல் எதிலும் கையொப்பமிடாதே என்று பழக்கியவரும் அவர்தான். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள்.

"விளங்கித்தானே பிள்ள ஒப்பம் வைக்கிறாய்?" என்று கனகரெத்தினம் கேட்டார்.

"ஒரு இடம் பிழை," என்றாள்.

கச்சிமுகம்மது நிமிர்ந்தார். அவள் தாளைக் கிழித்தெறியப் போகிறாள், இதில் ஒப்பம் வைக்கமாட்டேன், நாளையிலிருந்து சோறு தருகிறேன் என்று சொல்லப் போகிறாள் என்று அவர் ஒரு கணம் எதிர்பார்த்தார். அப்படிச் சொல்லியிருந்தால், இங்கிலாந்தை அன்றைக்கே கைவிட்டிருப்பார்.

"எழுபத்தேழு தொடக்கம் சாப்பாடு தரல்ல எண்டு எழுதியிருக்கீங்க, வாப்பா. ரெண்டு பெருநாளைக்கும் சோறு தந்தம்தானே? ஆட்டிறைச்சியும் போட்டு. அத உட்டுட்டு எழுதிற நியாயமா?"

கனகரெத்தினம் தன் முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லா வருசமும் தந்தீங்களா?" என்று கச்சிமுகம்மது கேட்டார். காரியாலயத்தில் வரவுப் பதிவேட்டைச் சரிபார்க்கும் குரல் அது.

"சூறாவளிக்குப் பிறகு வந்த பெருநாளைக்கு மட்டும் இல்ல. அது எங்கட பிழை இல்லயே."

அவர் பேனாவை எடுத்தார். உரிய வரியில் செருகற்குறி இட்டு, 'இரு பெருநாள் தினங்கள் நீங்கலாக, சூறாவளியை அடுத்து வந்த ஒரு பெருநாள் தவிர' என்று சிறிய, நேரான எழுத்தில் எழுதினார். ஓரத்தில் தம் முதலெழுத்தை இட்டார். அவளையும் இடச் சொன்னார். இட்டாள். அடியில் முழுப்பெயரையும் எழுதினாள். முத்தலிப் சாட்சியாக ஒப்பம் வைத்தான்.

"என்ட இத்தனை வருசத்தில," என்றார் கனகரெத்தினம், முத்திரையை அழுத்தியபடி, "இவ்வளவு திருத்தமான கடதாசியில நான் கை வச்சதில்ல, கிளாக்கர்."

"போதும், காணும்," என்றார் கச்சிமுகம்மது. மை உலரும்வரை காத்திருந்து, தாள்களை உறையிலிட்டுத் தாமே தபாற்கந்தோருக்கு நடந்தார்.

விசா ஆறு மாதத்தில் வந்தது. 1982 தை மாதத்து வெள்ளிக்கிழமையொன்றில், ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வீதி நிறைய வரும் நேரம் பார்த்து முத்தலிப் வானை வாசலுக்குக் கொண்டுவந்தான். பெட்டியைத் தானே தூக்கிவைத்தான். ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு துவாயால் கண்ணைத் துடைத்தான்.

"நாலு வருசமா நானும் றபீக்காவும் கண்ணுக்குள்ள வச்சிப் பாத்த மனிசன். அனுப்ப மனமேயில்ல. மச்சான் ஜெமீல்ட ஆக்கினை தாங்க ஏலாமத்தான் அனுப்புறம்."

"அல்லாஹ் ஒங்களுக்கு நற்கூலி தருவான், மகன்," என்றார் கூட்டத்தில் வயதான ஒருவர். பின்வரிசையில் ஜவுபரும் நின்று, பெரிதாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

எல்லா முகங்களும் கச்சிமுகம்மதுவை நோக்கித் திரும்பின. அவர் ஏதாவது சொல்லவேண்டுமென்று எதிர்பார்த்தன. அவர் வானுக்குள் ஏறி, கதவை இழுத்து மூடினார்.

"எடுங்க," என்றார் சாரதியிடம்.