காரீயத்தோடு மல்லுக்கு நின்ற மங்கை அக்கா

செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்ததும் லேபிலிருந்துதான் என்று பாய்ந்தேன். என் பேத்தி யாழினியின் ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, வீட்டில் அத்தனை பேரும் அந்தப் போனைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பேசியது அக்கா மகன் குமரன்.

"மாமா, அம்மா போயிட்டாங்க. காப்பி குடிச்சிட்டு உக்காந்தவங்கதான்."

என் பெரியப்பா மகள் மங்கையர்க்கரசி, கல்லூரியில் வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அண்ணாமலையார் தேருக்கு அடுத்தபடியாகத் திருவண்ணாமலைப் போக்குவரத்தை நிறுத்தும் வல்லமை அவர் ஒருவருக்கே இருந்தது. செங்கம் ரோட்டு ஓரத்தில் கரண்டியோடு குந்தி மண்ணைச் சுரண்டுவார். பின்னால் பஸ்கள் பெங்களூர் வரைக்கும் வரிசை கட்டும். டிரைவர் ஹாரன் அடித்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "இரு தம்பி, உன் பிரேக்கு தேஞ்சு எங்க போச்சுன்னுதான் பாத்துட்டு இருக்கேன்" என்பார்.

என் மகள் கல்யாணத்துக்கும் கைப்பையில் மண் பொட்டலங்களோடுதான் வந்தார். பஸ் ஸ்டாண்டு மண், வேங்கிக்கால் மண், பேட்டரிக் கடை வாசல் மண்.

"மொய்யாக்கா?" என்றேன்.

"இத மொய்யா வச்சா உன் சம்பந்தி போலீசக் கூப்பிடுவாருடா."

அன்று பந்தியில் எனக்குப் பாயசம் இறங்கவிடாமல் விளக்கினார். "பெட்ரோல்ல ஈயம் கலக்கறத நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு. நாமதான் மறந்துட்டோம், மண்ணு மறக்கல. பெயின்ட்டு, பேட்டரி, டயருன்னு மேல மேல கொட்டிக்கிட்டே இருக்கோம். மழை வந்தாலும் அது லேசுல போவாது." நான் தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளர் பாயசம் கேட்டேன்.

அந்த மகள் செங்கம் ரோட்டை ஒட்டித்தான் குடியேறினாள். யாழினி தவழ ஆரம்பித்ததும் வாசல் மண்ணை அள்ளித் தின்னவும் ஆரம்பித்தாள். குழந்தைகள் மண் தின்பது உலக வழக்கம்தான். ஆனால் இவள் விட்டால் மலையையே கரைத்துக் குடித்திருப்பாள். அக்கா ஒரு நாள் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. மண்ணை அள்ளிக்கொண்டு போனார்.

பழைய கல்லூரி ஆய்வகத்தில் பரிசோதித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் சிரிக்கவில்லை. அக்கா சிரிக்காமல் பேசி நான் கண்டதில்லை.

"மண்ணுல ஈயம் ஜாஸ்தி இருக்கு. புள்ளைக்கு ரத்தம் பாக்கணும்."

என் மனைவி பாக்கியம் பளிச்சென்று சிரித்துவிட்டாள். "அட, இவ்வளவுதானா அண்ணி. நான் என்னவோன்னு பயந்துட்டேன். ஈயச் சொம்பு ரசம் குடிச்சுத்தான உங்க வம்சமே வளந்துச்சு. புள்ளைக்குக் கொஞ்சம் ஈயம் சேந்தா நல்லதுதான?"

வீடே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. அக்கா மட்டும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாக்கியம், சொம்புல இருக்கறது வெள்ளீயம். இது காரீயம். பேருதான் ஒண்ணு. அது விருந்தாளி, இது விருந்தாளி வேஷத்துல வந்த திருடன். புள்ளைங்க மூளையிலதான் முதல்ல கை வைக்கும்."

பெருமூச்சு விட்டவர்கள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். வாசலில் வேறு மண் கொட்டிப் புல் பதிக்கச் சொன்னார். "பெருக்காத, பறக்கும். ஈரத்துணி போட்டுத் தொட." "செருப்ப வெளிய விடுங்க." "புள்ளைய வெறும் வயித்துல விடாத, பசியில இருந்தா ஜாஸ்தி ஏறும்." உலகப் போர்களில்கூட இத்தனை உத்தரவுகள் போட்டிருக்கமாட்டார்கள். ரத்தம் எடுத்த அன்று குழந்தை வீறிட்டதில் மாடவீதிப் புறாவெல்லாம் கிளம்பியிருக்கும். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது எதுவும் இதுவரைக்கும் தப்பாப் போனதில்லடா. இந்த ஒரு தடவ தப்பாப் போவணும்."

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்கு வருவதில்லை. அக்காவிடம் படித்த பெண்கள் யாரையும் கேட்காமல் பின்னாலேயே நடந்து வந்தார்கள். என் மகளும் பாக்கியமும் அவர்களோடு வந்துவிட்டார்கள். இடுகாடு ரோட்டை ஒட்டித்தான் இருக்கிறது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இடுப்பில் யாழினியோடு நானும் மண் போடக் குனிந்தேன். அவளும் ஒரு பிடி அள்ளினாள். வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒரு பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள், இன்னொருத்தி விரல்களைப் பிரித்தாள், யாரோ தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். பாக்கியம் முந்தானையால் அவள் நாக்கைத் துடைத்தபடி, "காரீயம்டி தங்கம், துப்பு, துப்பு" என்றாள்.

இதை எழுதும் இந்த நேரம் வரை லேபிலிருந்து போன் வரவில்லை.

போயிட்டு வாங்கக்கா. புள்ள கையைக் கழுவிட்டோம்.