ஓட்டிவிடும் கட்டைவிரல்

உத்திரமேரூர்ப் பக்கம் ஓடும் மினி பஸ் ஒன்றின் கண்டக்டர் அவர். எண்ணெய் வழியும் தலை, பல்லிடுக்கில் விசில், கையில் எந்நேரமும் செல்போன். பல படங்களின் நாயகர்கள் ஒன்றுகூடி உலகத்தைக் காப்பாற்றுகிற படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஆனால் எதையும் முழுதாகப் பார்க்கமாட்டார். தனக்குப் பிடித்த நாயகன் இல்லாத காட்சி வந்தால் கட்டைவிரலால் ஓட்டிவிடுவார்.

ஒருநாள் பஸ் கிளம்பும் முன் அவர் செல்போனை எட்டிப் பார்த்தேன். இடிபாட்டில் சிக்கிச் சாகக்கிடந்த ஒருவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கட்டைவிரல் பாய்ந்தது.

“பாவம், அவன் இன்னா சொல்றான்னுதான் கேளேம்பா” என்றேன்.

“அவன் சைடு சார். நாலு படமா வந்துக்கினு கீறான், எவனுக்கும் பேரு தெரியாது. அவன் செத்தா கதை நின்னுடுமா?”

பஸ் கிளம்பியது. ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பு நிறுத்தத்தில், களைக்கொத்தியோடு நின்ற பெண்கள் கையை நீட்டினார்கள். உள்ளே இடம் இருந்தது. ஒரு பார்வை பார்த்துவிட்டு இரட்டை விசில் கொடுத்தார். வண்டி நிற்கவில்லை.

“ஏம்பா, ஸ்டாப்பிங்தானே?”

“அவுங்க நடந்தே பழகினவங்க சார்.”

இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தபோது ஒற்றை விசில் கேட்டது. நிறுத்தமே இல்லாத இடம். என் வீட்டு வாசல்.

“எறங்குங்க சார்” என்று பல்லைக் காட்டினார்.

இறங்கினேன். என்னத்தைக் கண்டு எனக்கு நாயகன் வேஷம் கொடுத்தார் என்று இன்றுவரை விளங்கவில்லை. தேய்த்த சட்டை ஒன்று போட்டிருந்தேன், அவ்வளவுதான்.