மேசையைத் தட்டிய இரண்டு விரல்கள்

போன வருடம் தீபாவளி முடிந்த கையோடு, கொழும்பில் ஒரு சீன உணவகத்தில் நடந்தது இது. நான் கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்கிறேன். வியாபாரம் நன்றாக நடந்த சந்தோஷத்தில் முதலாளி எங்களை எல்லாம் டிம் சம் சாப்பிட அழைத்துப் போனார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனுஷர் திடீரென்று இப்படிக் கூப்பிட்டதும், மனம் மாறுவதற்குள் ஓடிப்போய் வேனில் ஏறிக்கொண்டோம்.

சின்னச் சின்ன மூங்கில் கூடைகளில் பலகாரம் ஆவி பறக்க வந்தது. மூடியைத் திறந்தால் நம்ம கொழுக்கட்டை! உள்ளே மட்டும் பூரணத்துக்குப் பதிலாக இறால். குச்சியால் எடுக்கப் போய் இரண்டைக் கீழே போட்டுவிட்டு, பிறகு கையாலேயே சாப்பிட்டேன். நல்ல ருசி. ஆனால் இரண்டாவது கூடை வரும்போதே சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அக்கா ஞாபகம்.

அக்கா ஹொங்கொங்கில் ஒரு வயதான சீன அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கூட்டிக்கொண்டு இந்த மாதிரிக் கடைக்குத்தான் போவாளாம். அவள் லீவில் கடைசியாக வீட்டுக்கு வந்தபோது நடந்தது ஒன்று என் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் வீடு நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. அக்கா வந்த மறுநாள் காலை அம்மா ஆசை ஆசையாக இஞ்சி தட்டிப்போட்டு, கேத்தலோடு கொண்டுவந்து அவள் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றினார். அக்கா என்னோடு பேசிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல், இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்டினாள். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தடவை ஊற்றும்போதும் அதேதான்.

அம்மா கல்யாணத்துக்கு முன்பு தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்கட்டில் வேலை செய்தவர். அந்தத் துரை பேசமாட்டாராம். கோப்பை காலியானால் மேசையைத் தட்டுவாராம், அம்மா ஓடிவந்து ஊற்ற வேண்டுமாம். அக்காவுக்கும் எனக்கும் அந்தக் கதை அதுவரை தெரியாது. அன்று மத்தியானம் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் வைத்துத்தான் அம்மா என்னிடம் சொன்னார்.

"ஒங்கக்கா என்னைய வேலக்காரின்னு நெனைச்சிட்டா புள்ள. நீ இதப் போயி அவகிட்ட கேட்டுறாத."

அதற்குப் பிறகு அம்மா அவளுக்கு ஊற்றவில்லை. கேத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அக்கா தானே ஊற்றிக் குடித்தாள். திரும்பிப் போகும் நாளில் பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது, "அம்மா ஏன்டி எங்கூட மொகங்குடுத்தே பேசல? நான் வெளிநாடு போனது கோவமா?" என்று அழுதாள். நான் என்ன சொல்வது? எனக்கும் அவள் மேல் உள்ளுக்குள் வருத்தம்தான். அதன் பிறகு அவள் போன் எடுத்தால் அம்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அடுப்பில் வேலை என்று எழுந்துவிடுவார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு வயதான சீனத் தம்பதி. கணவர் மனைவியின் கோப்பையில் தேநீர் ஊற்றினார். அந்த அம்மா வாயில் கொழுக்கட்டையோடு, இரண்டு விரலை மடக்கி மேசையில் டொக் டொக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குப் பரிமாறியவர் எங்கள் மலைநாட்டு அப்புத்தளைக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது நன்றி சொல்றதுங்க. வாயில சாப்பாடு இருக்கும்ல, அதான் வெரலால சொல்லுவாங்க. பழகிருச்சுன்னா அவங்களுக்கே தெரியாம கை தட்டும்" என்றார்.

அப்படியே எழுந்து வெளியே வந்து, ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது புள்ள." மூக்கை உறிஞ்சினார். "எம்புள்ள எனக்கு நன்றி சொல்லிருக்கா. நாந்தான் அவளுக்கு ஒரு வாய் தேத்தண்ணி ஊத்திக் குடுக்காம அனுப்பிட்டேன்."

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அக்கா வீடியோவில் வந்தாள். அம்மா போனைச் சீனி டின்னில் சாய்த்துவைத்து, ஒரு கோப்பையில் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றி அதன் முன்னால் வைத்தார். "குடி" என்றார். அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தன்னை அறியாமல், தன் மேசையைத் தட்டினாள். டொக் டொக். கடல் தாண்டி வந்த அந்தச் சத்தம் எங்கள் லயத்துக்குள் தெளிவாகக் கேட்டது.

"அடுத்த தடவ வந்தா நாந்தான் ஊத்துவேன். நீ கேத்தலத் தொடக்கூடாது" என்றார் அம்மா.

"ஏம்மா?"

"சும்மாதான். நீ எப்ப வருவ?"

அக்கா பேச்சைப் பொங்கல் பக்கம் திருப்பினாள். போனை வைத்த பிறகும் அம்மா அந்தக் கோப்பையை எடுக்கவில்லை, என்னையும் எடுக்கவிடவில்லை.

இப்போது கடையில் யாராவது எனக்குத் தேத்தண்ணி ஊற்றினால் என் விரல்களும் தானாக மேசையைத் தட்டுகின்றன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு நொடி இருக்கும், அவள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாள் என்பதும் அந்த நொடியில்தான் எனக்குத் தாங்கமுடியாமல் தெரிகிறது.